ஒரே நாளிலா, நாள்விட்டு நாளா? நினைவில் பாடங்களைக் கோக்கும் இரண்டு வழிகள்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் சேலத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு: தொடர்புள்ள பாடங்களை ஒரே நாளில் அடுத்தடுத்துப் படிப்பதா, பிரித்துப் படிப்பதா? சேர்வராயன் மலையின் பாக்சைட், கஞ்சமலையின் மேக்னடைட் இரும்புத்தாது, சேலத்தின் மேக்னசைட் ஆகிய மூன்று தாதுக்களையும் வைத்தே பார்ப்போம்.

இணைப்பு
ஒரே நாள்: இதில் இதுவே மேல். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுண்டெலிகளை 5 மணி நேர இடைவெளியில் இரண்டு புதிய கூண்டுகளில் விட்டார்கள். பிறகு இரண்டாவதில் மட்டும் மின்னதிர்ச்சி. அவை முதல் கூண்டிலும் பயந்து உறைந்தன. ஒரு வாரம் முந்திப் பார்த்த கூண்டில் அப்படி இல்லை. முதல் நினைவைப் பதித்த நரம்பணுக்கள் சில மணி நேரம் எளிதில் தூண்டப்படும் நிலையிலேயே இருப்பதால், அடுத்த நினைவிலும் அவற்றில் பல பங்கேற்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத செய்தி இது.
பிரித்து: தானாக இணைவது குறைவு. பழையதை நினைவுகூர்ந்து நாம்தான் கோக்க வேண்டும்.

நீடிப்பு
ஒரே நாள்: திரும்பப் பார்க்காவிட்டால் சீக்கிரம் மங்கும்.
பிரித்து: நெடுநாள் நிற்கும். 1885இலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் காட்டியது.

குழப்பம்
ஒரே நாள்: மேக்னசைட்டும் மேக்னடைட்டும் இடம் மாறிவிடலாம். ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்.
பிரித்து: ஆபத்து குறைவு.

புதுப் பாடத்தின் முழு வரைபடம் வேண்டுவோர் காலையும் மாலையுமாக ஒரே நாளில் படியுங்கள். தேர்வுக்கு மாதங்கள் இருந்தால், அதையே நாள்விட்டு நாள் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.