42 வயதில் விமானி: மூன்று வழி, ஒரு வட்டிக் கணக்கு

பொங்கலுக்குக் காரைக்குடி வந்திருந்த மைத்துனர் முகப்பில் உட்கார்ந்துகொண்டு, "அத்தான், வேலையை விட்டுட்டு பைலட் ஆகலாம்னு இருக்கேன்" என்றார். வயது 42, சென்னையில் ஐ.டி. வேலை. பணத்துக்குப் பெரிய வீட்டுப் பங்கை அடகு வைப்பதாகத் திட்டம். உள்ளேயிருந்து ஆச்சி கேட்டது ஒரே கேள்வி: "வட்டி யாரு கட்டுவா?"

இந்த ஊருக்கு வானம் புதிதல்ல. வள்ளல் அழகப்பர் லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், பிறகு ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டில் இன்றும் கிடக்கிறது. ஆனாலும் விமானம் ஏற நாம் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் வாசல்படி ஒன்றுதான். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களையும் எழுதிவிட்டு வருகிறார்கள். அடுத்தது இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அதன்பின் முதல் வகுப்பு. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் நூற்றுக்கு 70 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். இவற்றோடு 200 மணி நேரம் பறந்து முடித்தால் வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., கைக்கு வரும்.

முதல் வழி, விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டம். படிப்பு, பயிற்சி, வேலைக்கான வாய்ப்பு எல்லாம் ஒரே பொட்டலம். செலவு ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும். இதை நான் இரண்டு நிமிடத்தில் ஒதுக்கிவிட்டேன். வயது வரம்பு பெரும்பாலும் முப்பதுகளின் முதல் பாதியோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, உள்நாட்டுப் பயிற்சிப் பள்ளி. சுமார் 45 முதல் 60 லட்சம் ஆகும். காகிதத்தில் இதுதான் சிக்கனம். ஒரு பள்ளியை நேரில் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். அன்று பறக்க வேண்டிய மாணவர்களின் பெயர்களைக் காலை ஆறரைக்கே வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தார்கள். ஒன்பது மணி வரை பனி விலகவில்லை. விலகியபோது செஸ்னா எனும் சிறு பயிற்சி விமானங்கள் நான்கில் ஒன்று பழுதுக்குப் போயிருந்தது. பத்தரை மணிக்கு ஒருவர் வந்து, பேசாமல் கடைசி இரண்டு பெயர்களைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். அந்தப் பையன்கள் கேன்டீனுக்கு நடந்தார்கள். இருபது வயதில் அப்படி ஒரு காலை போனால் போகட்டும் என்று விடலாம். 42-ல் அது வட்டி ஏறும் காலை. ஒன்றரை வருடம் என்று சொல்லிச் சேர்ப்பது இரண்டரையாக இழுப்பது இப்படித்தான்.

மூன்றாவது, வெளிநாடு. அமெரிக்காவின் அரிசோனா, புளோரிடா அல்லது தென்னாப்பிரிக்கா. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் செலவு உள்நாட்டை விடக் கூடுதல். வானம் தெளிவாக இருக்கும், விமானங்கள் நிறைய உண்டு. ஒழுங்காகப் போனால் ஒரு வருடத்துக்குள் மணிக்கணக்கு முடிந்துவிடும். ஆனால் அங்கே வாங்கிய உரிமம் இங்கே அப்படியே செல்லாது. மாற்றிக்கொள்ள டி.ஜி.சி.ஏ. தேர்வும் பறந்து காட்டும் சோதனையும் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் தேர்வுகளை இங்கேயே முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

என் ஓட்டு இந்த மூன்றாவது வழிக்குத்தான். வேலையை விடாமல், சனி ஞாயிறில் படித்துத் தேர்வுகளை முடிக்கலாம். அதுவரை கைக்காசு அதிகம் கரையாது. ஆசை ஆறிப்போனாலும் நஷ்டம் புத்தக விலையும் தேர்வுக் கட்டணமும்தான்.

இனி ஆச்சி கேள்வி. சி.பி.எல். வாங்கியவுடன் ஏர்பஸ் 320 போன்ற பயணிகள் விமானத்தை ஓட்டிவிட முடியாது. அந்த ரகத்துக்கென்று டைப் ரேட்டிங் எடுக்க இன்னும் 15, 20 லட்சம். எல்லாம் சேர்த்து 80 லட்சம் என்று வைப்போம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 80,000. அசல் அப்படியே நிற்கும். உரிமம் வந்த மறுநாளே வேலையும் வந்துவிடாது. 46-ல் துணை விமானியாக உட்கார்ந்தால், பயணிகள் விமானம் ஓட்ட 65 வரை அனுமதி. கையில் 19 வருடம்.

கேப்டனாக வேண்டுமென்றால் ஏ.டி.பி.எல். உரிமம் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம். வருடத்துக்கு 1,000 மணிக்கு மேல் பறக்க விதி விடாது, நடைமுறையில் அதற்கும் குறைவே. பதவி உயர்வு சேர்ந்த தேதிப்படி. தலை நரைக்கு மதிப்பில்லை. பக்கத்து இருக்கையில் 28 வயதுக் கேப்டன் சொல்வதை 46 வயதுக்காரர் கேட்டு நடக்க வேண்டும். அலுவலகத்தில் பத்துப் பேரை வேலை வாங்கிப் பழகியவருக்கு, பணத்தை விட இது கஷ்டம் என்று எனக்குப் படுகிறது.

பறக்கும் ஆசை மட்டும்தான் என்றால் தனியார் விமானி உரிமம் இருக்கிறது. 40 மணி நேரம் பறந்தால் போதும், ஆனால் அதை வைத்துச் சம்பளம் வாங்க முடியாது. ட்ரோன் ஓட்டும் சான்றிதழும் இருக்கிறது. பத்தாம் வகுப்பும் சில நாள் பயிற்சியும் போதும், 65 வயது வரை எடுக்கலாம். வயலுக்கு மருந்து தெளிக்க, கல்யாண வீட்டைப் படமெடுக்க நம் பக்கம் ஆள் தேடுகிறார்கள். இதைச் சொன்னதும் மைத்துனர் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

எதற்கும் முன்னால் உடம்பைக் காட்டச் சொன்னேன். நாற்பதுக்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., காது என்று எதில் வேண்டுமானாலும் கதவு சாத்திக்கொள்ளும். அடகு வைத்த பிறகு அது தெரியக் கூடாது. போய் வந்தார். அழுத்தம் 148 காட்டியதாம், மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது காலையில் ஊருணியைச் சுற்றி நடக்கிறார், ஆச்சி ஊறுகாய் ஜாடியை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார். வீட்டுப் பத்திரம் இன்னும் பெட்டகத்தில்தான் இருக்கிறது.