எக்செலின் டெக்ஸ்ட்பிஃபோர், டெக்ஸ்ட்ஆஃப்டர்: தமிழ்த் தரவுக்கு எவ்வளவு பயன்?

ஒரே செல்லில் அடைந்து கிடக்கும் பெயர், முகவரி, பின்கோடு ஆகியவற்றிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்க, எக்செலில் நெடுங்காலமாக லெஃப்ட், ரைட், மிட் என்ற மூன்று ஃபங்ஷன்களையே நம்பியிருந்தோம். 2022-இல் சந்தா செலுத்திப் பெறும் மைக்ரோசாஃப்ட் 365-இல் சேர்க்கப்பட்டவை, நாம் காட்டும் குறிக்கு முன்னால் இருப்பதை எடுக்கும் டெக்ஸ்ட்பிஃபோர், பின்னால் இருப்பதை எடுக்கும் டெக்ஸ்ட்ஆஃப்டர். இவை இரண்டும் யாருக்கும் பயன்படக்கூடியவைதாம் என்றாலும், தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கே அவற்றின் அருமை முழுமையாகத் தெரியும்.

பழைய மூன்றும் முறையே இடப்பக்கம், வலப்பக்கம், நடு ஆகிய இடங்களிலிருந்து எண்ணிக்கையை வைத்து வெட்டுபவை. எக்செலின் எண்ணிக்கையோ நம் எழுத்துக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லென் ஃபங்ஷனிடம் கேட்டால், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணி 5 என்கிறது. 'மு. செல்வி' என்ற பெயரிலிருந்து தலைப்பெழுத்தை எடுக்க லெஃப்டில் 1 என்று கொடுத்தால் 'ம' மட்டுமே வரும். 2 என்று மாற்றினால் 'மு' சரியாக வந்துவிடும், ஆனால் அடுத்த வரியிலுள்ள 'க. முருகன்' புள்ளியையும் இழுத்துக்கொண்டு 'க.' என்று வந்து நிற்கும். டெக்ஸ்ட்பிஃபோரிடம் செல்லையும் புள்ளியையும் காட்டினால் போதும், புள்ளிக்கு முன்னால் இருப்பது எத்தனை குறியீடாக இருந்தாலும் முழுதாக வந்துவிடுகிறது. லெஃப்டுக்குள், குறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபைண்டை வைத்து ஒன்றைக் கழித்தும் இதே விடையைப் பெறலாம் என்பது உண்மையே.

ஆனால் கடைசிக் குறியைத் தேடும்போது அந்தப் பழைய வழி தலைவலியாகிவிடுகிறது. '12, வடக்கு மாசி வீதி, மதுரை - 625001' என்ற முகவரியில் ஊரும் பின்கோடும் கடைசிக் கமாவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒவ்வொரு முகவரியிலும் எத்தனை கமா இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் கமாவை சப்ஸ்டிடியூட் கொண்டு நூறு இடைவெளிகளாக மாற்றி, ரைட்டால் வெட்டி, மிகையான இடைவெளிகளை நீக்கும் டிரிம்மால் சுத்தம் செய்தோம். இப்போது டெக்ஸ்ட்ஆஃப்டரின் அடைப்புக்குறிக்குள் செல், குறி ஆகியவற்றை அடுத்த மூன்றாவது இடத்தில் மைனஸ் 1 என்று எழுதினால், அது வலப்பக்கத்திலிருந்து தேடி 'மதுரை - 625001' என்று கொடுத்துவிடுகிறது. முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளிக்கு மட்டும் டிரிம் இன்னும் தேவை. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் உடையா இடைவெளி (பார்வைக்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும் வேறொரு குறியீடு) இருந்தால் டிரிம்மும் அதைத் தொடாது.

குறைகளும் உண்டு. தேடும் குறி செல்லில் இல்லையென்றால் விடையாகப் பிழையே வரும். அதற்கு மாற்றாக என்ன வரவேண்டும் என்பதை ஆறாவது இடத்தில் எழுத வேண்டியிருப்பதால், நடுவில் கமாக்களை வெறுமனே அடுக்க நேர்கிறது. பிரித்தெடுத்த தொகையும் எழுத்தாகவே வருவதால், வேல்யூ ஃபங்ஷனுக்குள் இட்ட பிறகே சம் அதைக் கூட்டும்.

இவற்றைவிடப் பெரிய தடை பதிப்பு. எக்செல் 2021-இலும் அதற்கு முந்தையவற்றிலும் இவை கிடையா. அங்கே கோப்பைத் திறந்தால் பழைய விடை அப்படியே தெரிவதால் சிக்கல் உடனே வெளிப்படாது. செல்லைத் திருத்தியதும், ஃபங்ஷனின் பெயர் தெரியவில்லை என்று சொல்லும் நேம் பிழை வந்துவிடும். ஆகவே கோப்பை வெளியே அனுப்புவதற்கு முன் விடைகளை, ஃபார்முலா இல்லாத வெறும் வேல்யூவாக ஒட்டிவிடுவதே பாதுகாப்பு. சந்தா செலுத்த விரும்பாதவர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால், உலாவியில் திறக்கும் இலவச எக்செலிலேயே இரண்டையும் பயன்படுத்தலாம். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க்கிலும் 25.8 பதிப்பிலிருந்து இவை இருக்கின்றன.