ஒத்தக்கடை நர்சரியில் வாங்கிய பனை விதைகள்

மதுரையில் நல்ல பனை விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் சின்ன நர்சரியைத்தான் சொல்வேன். முன்னால் ரோஜாவும் குரோட்டன்ஸும் இருக்கும். பனை விதை பின்பக்கம் வேப்பமரத்தடியில் குவிந்து கிடக்கும், கேட்டால்தான் காட்டுவார்கள்.

நான் போனது கன்று வாங்க. கடைக்கார அம்மா தடுத்துவிட்டார். "வேணாம்ண்ணே, பனைக்கு வேரு நேரா எறங்கணும். பையில சுருண்டுக்கிரும். வெதையாக் கொண்டுபோயி, மரம் நிக்க வேண்டிய எடத்துலயே ஊனுங்க." விதையை விடக் கன்றுக்குப் பல மடங்கு விலை. அதை என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. "பெண் பனையாப் பாத்துக் குடுங்கம்மா" என்றதற்கும், "பாளை விட்டாத்தாண்ணே தெரியும்" என்று உள்ளதைச் சொன்னார். பாளை விட 12, 15 வருடமாவது ஆகும். இதற்கு முன் ஒருவர் 'பெண் பனை விதை' என்றே தனி விலை வைத்து எனக்கு விற்றிருக்கிறார்; அத்தனையும் காய்ந்து நெற்றாகிப்போனவை.

இங்கே வாங்கியவை கையில் எடுத்தாலே கனமாக இருந்தன. புரட்டாசியில் வரப்போரம் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றினோம். பனை முளைப்பது வேறு மாதிரி. விதை போட்ட இடத்திலேயே கிடக்க, முளை மட்டும் குழாயாக மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு கட்டும். மேலே ஒன்றும் தெரியாது. தை பிறந்ததும் மனசு கேட்காமல் ஒன்றைத் தோண்டினேன், ஒரு சாணுக்கு மேல் கிழங்கு! அப்படியே அவித்துத் தின்றோம். அதன்பிறகு பல மாதம் கழித்து முதல் இலை வந்தது, விசிறியாக இல்லாமல் மடிப்பு மடிப்பான ஒற்றைப் பட்டையாக. இப்போது வடலிகளில், அதாவது இளம் பனைகளில், விசிறி ஓலை விரியத் தொடங்கியிருக்கிறது. தண்டு தெரிய இன்னும் வருடங்கள் ஆகும். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கும் பனைகளெல்லாம் யாரோ இப்படிக் காத்திருந்து வளர்த்தவைதானே என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

குறை என்றால், பொறுக்கித் தர மாட்டார்கள். பெரிதும் சிறிதும் கலந்தே சாக்கில் அள்ளிப் போடுவார்கள். நாமே குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடுக்க வேண்டும். கனமில்லாததைத் தள்ளிவிடுங்கள். பில்லும் கிடையாது.

ஆவணி, புரட்டாசியில் போவது நல்லது. பழம் விழுகிற காலம், விதை புதிதாக இருக்கும், அடுத்து ஐப்பசி மழையும் பிடித்துக்கொள்ளும். கார்த்திகைக்கு மேல் போனால் குவியலிலேயே முளை விட்டிருக்கும். அதை எடுத்து ஊன்றினால் முளை ஒடிந்துவிடும்.