ஒரு ஜூமா, மூன்று ப்ரைமா, பழைய ஹீலியோஸா?

அக்கா மகன் போன மாதம் கேனான் 6டி கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கினான். 2012இல் வந்த மாடல், முழு அளவு சென்சார், இன்றைக்கும் நன்றாக உழைக்கிறது. கூடவே ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். மி.மீ. எண் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரத்துப் பொருள் நெருங்கி வரும். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிதாகி வெளிச்சம் அதிகம் வரும். ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. “மாமா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?”

பதினைந்து ஆண்டுகளாக நானும் இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். அலமாரியில் பதினொரு லென்ஸ்கள் சேர்ந்துவிட்டன. எது மாதந்தோறும் என்னோடு வெளியே வருகிறது, எது உள்ளேயே உறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். கூர்மை பற்றிய வரைபடங்களைவிட அந்தக் கணக்குதான் அவனுக்குப் பயன்படும் என்று நினைத்தேன். அவனிடம் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

லென்ஸ் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் இறங்குகிறார்கள். மி.மீ.யைத் திருப்பி மாற்றிக்கொள்ளும், எல்லாத் தூரத்துக்கும் ஒரே ஜூம். மி.மீ. மாறாத, தூரத்துக்கு ஒன்றாகப் பிரித்து வாங்கும் ப்ரைம்கள். இணைப்பு வளையம் மாட்டிப் பயன்படுத்தும், கையால் திருப்பிக் குவிக்கும் பழைய லென்ஸ்கள். மூன்றிலும் நான் பணம் போட்டிருக்கிறேன்.

தராசில் வைத்தால்

ப்ரைம் என்றால் லேசு, ஜூம் என்றால் பாரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எடை போட்டுப் பார்ப்போம். கேனான் 24-105 எஃப் 4 எல், 2005இல் வந்த முதல் பதிப்பு, 670 கிராம். அதன் இடத்தை ஓரளவு நிரப்பும் ப்ரைம்கள் மூன்று: 35 மி.மீ. எஃப் 2 ஐ.எஸ். 335 கிராம், 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். 160 கிராம், 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 425 கிராம். கூட்டினால் 920. ஜூமைவிடக் கால் கிலோ அதிகம், அப்போதும் 24 மி.மீ. தரும் அகலம் கிடைக்காது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேமராவில் இருக்கும் என்பதால் கைக்கு லேசு என்பது உண்மை. ஆனால் மாலையில் வலிப்பது தோள்; பை முழுவதையும் சுமப்பது அதுதான்.

ஃபில்டர் செலவும் உண்டு. ஜூமுக்கு 77 மி.மீ. ஃபில்டர் ஒன்று போதும். மூன்று ப்ரைம்களுக்கும் 67, 49, 58 என்று மூன்று அளவு. பெரிய ஃபில்டர் ஒன்றை வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு அளவு கூட்டும் வளையம் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்குவது வீண்.

மயிலாப்பூர், மாலை ஆறரை

எடையில் ஜூம் வென்றாலும் வெளிச்சத்தில் ப்ரைம் வெல்கிறது. கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் பூக்கட்டும் அம்மா ஒருவரைப் பல மாலைகள் எடுத்திருக்கிறேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நடுவில் வாழைநார் ஒரு சுற்று. இடது கட்டைவிரல் அழுத்திக்கொள்ள, வலது கை நாரை இழுத்து முடிச்சை இறுக்கும். ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். அந்த விரல்கள் கலங்காமல் விழ ஷட்டர் 1/125 நொடியாவது வேண்டும். கடையில் இருப்பதோ ஒற்றை விளக்கு. எஃப் 4 ஜூமில் ஐ.எஸ்.ஓ., அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், 6400 கேட்கும் இடத்தில், எஃப் 2 ப்ரைம் 1600இல் முடித்துக்கொள்கிறது. எஃப் 2 திறப்பு எஃப் 4ஐப்போல நான்கு மடங்கு வெளிச்சம் விடும், கணக்கு அவ்வளவுதான். 6400இல் மல்லிகையின் வெள்ளை மணல் தூவியதுபோல் ஆகிறது. 1600இல் மொட்டின் நுனியில் இருக்கும் இளம்பச்சைகூடத் தெரிகிறது.

ஜூமில் ஐ.எஸ். இருக்கிறதே என்று கேட்பார்கள். ஐ.எஸ். நம் கை நடுக்கத்தைத் தாங்கும். பூக்கார அம்மாவின் விரல்களை நிறுத்தாது.

இதே கடையில்தான் இன்னொன்றையும் கண்டுகொண்டேன். லென்ஸ் வாங்குபவர்கள் எஃப் எண்ணைப் பார்க்கிறார்கள், எவ்வளவு கிட்டத்தில் குவியும் என்பதைப் பார்ப்பதில்லை. 24-105 குறைந்தது 45 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். 35 மி.மீ. 24 செ.மீ. வரை போகும். இந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளப்பது. எனவே லென்ஸின் முகப்புக்கும் பூவுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. எல்லைவரை நெருங்கினால் இரண்டும் மொட்டை ஏறக்குறைய ஒரே பெரிதாகத்தான் காட்டுகின்றன: ஜூம் 105இல் 0.23 மடங்கு, 35 மி.மீ. 0.24 மடங்கு. படம்தான் வேறு. ஜூமில் மொட்டும் விரலும் மட்டும். பின்னால் இருப்பதெல்லாம் ஒரே நிறக்கூழ். 35இல் அதே மொட்டோடு கூடையும், ஈரத்துணியும், தெருவில் போகும் ஆட்டோவின் விளக்கும் சேர்ந்து வருகின்றன. எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது படம். என் படங்களைக் குவியத் தூரம், அதாவது லென்ஸின் மி.மீ., வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் 35இல் வந்து நின்றதற்கு இதுவே காரணம்.

85 மி.மீ. லென்ஸால் இந்தக் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. 85 செ.மீ.க்குள் அது குவியாது. பின்னால் நகர்ந்தால் முதுகு எதிர்க்கடைச் சாமானில் இடிக்கும். அதன் இடம் வேறு. ஒரு முகத்தைப் பின்புலத்திலிருந்து பிரித்தெடுப்பதில் அதற்கு இணை இல்லை. எஃப் 1.8இல் அதன் திறப்பு 47 மி.மீ. விட்டம், ஜூமுக்கு 105இல் 26 மி.மீ.தான். முகத்தை இரண்டிலும் ஒரே அளவில் வைத்து எடுத்தால், தொலைவில் உள்ள பின்புலம் 85இல் ஏறக்குறைய இருமடங்கு கரைகிறது. வீட்டுக் கல்யாணங்களுக்கு அதைத் தவறாமல் கொண்டுபோகிறேன். மற்ற நாட்களில் அதற்கு வேலை குறைவு.

50 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிறவற்றில் மலிவானது, யாரும் வாங்கி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பழையதாக வாங்குபவர்கள் 1990இல் வந்த இரண்டாம் பதிப்பை விட்டுவிட்டு 2015இல் வந்த எஸ்.டி.எம். பதிப்பைத் தேடுங்கள். முன்னதன் மாட்டும் பகுதி பிளாஸ்டிக், இது உலோகம். அதில் திறப்பைச் சுருக்கும் இதழ்கள் ஐந்து, இதில் ஏழு. இரவில் தூரத்து விளக்குகள் ஐங்கோணமாக விழாமல் உருண்டையாக விழுவது இதனால்தான்.

அறுபத்துமூவர் அன்று

இதுவரை படித்தவர்கள் ப்ரைமே போதும் என்று முடிவு கட்டியிருப்பார்கள். பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் புறப்பாட்டுக்கு ஒருமுறை மூன்று ப்ரைம்களோடு போனேன். நான்கு மாடவீதியிலும் நகர இடமில்லை. கோபுரத்தோடு சேர்த்துப் பல்லக்கை எடுக்க 35 போதவில்லை. முகங்களையாவது எடுக்க 85ஐ மாட்டலாம் என்று ஒன்றைக் கழற்றி இன்னொன்றைக் கையில் எடுப்பதற்குள் மூன்று நாயன்மார்கள் கடந்து போய்விட்டார்கள். அந்த நெரிசலில், கற்பூரப் புகையிலும் தூசியிலும் கேமராவின் வாயைத் திறந்து வைத்திருந்ததன் பலனை மறுநாள் படங்களில் பார்த்தேன். வானம் முழுக்கக் கரும்புள்ளிகள். சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு 24-105 ஒன்றே போனது. 24இல் கோபுரமும் கூட்டமும், மணிக்கட்டை ஒரு திருப்பு, 105இல் வெண்கலத் திருமேனியின் முகம். பிற்பகல் வெயிலில் எஃப் 4 தாராளம். கூட்டத்தில் நம்மால் நகர முடியாதபோது லென்ஸ்தான் நகர வேண்டும். அந்த ஆண்டுப் படங்களில் பாட்டி ஒருவர் பல்லக்கைப் பார்த்துக் கைகூப்பும் படம் ஒன்று இருக்கிறது. 35ஐ மாட்டியிருந்தால் அவர் ஒரு மூலையில் சிறு உருவமாகத்தான் விழுந்திருப்பார்.

ஆகவே என் தீர்ப்பு இது. திருவிழா, பயணம், குடும்பத்தோடு வெளியூர் என்றால் ஜூம் முதலில். மாலை, இரவு, வீட்டுக்குள், கடைக்குள் என்றால் 35. இரண்டும் இருந்தால் 85 கட்டாயமில்லை. மூன்று ப்ரைம்களை ஒரு ஜூமுக்குப் பதிலாக வைப்பது என்ற கணக்கே எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஒரு ஜூமும் ஒரு ப்ரைமும் சேர்ந்த ஜோடிதான் உழைக்கிறது.

ஹீலியோஸ் என்னும் ஆசை

மூன்றாவது வழி பழைய லென்ஸ். ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2. ஜெர்மனியின் ஜீஸ் பயோட்டார் வடிவமைப்பைப் பின்பற்றி சோவியத் நாட்டில் ஏராளமாகச் செய்யப்பட்டது. முன்புறம் இரண்டு வளையங்கள். ஒன்று எஃப் எண்ணை முன்கூட்டியே குறித்து வைக்க. இன்னொன்று சொடுக்குச் சத்தமே இல்லாமல் வழுக்கி, குறித்த எண்ணில் போய் முட்டி நிற்க. முழுத் திறப்பில் வைத்துக் குவியத்தைச் சரிபார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலே இரண்டாவது வளையத்தைத் திருப்ப வேண்டும். எட்டு இதழ்களும் ஒன்றாகச் சுருங்குவதை முகப்பைத் திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இலைகள் அடர்ந்த மரத்தைப் பின்னால் வைத்து எஃப் 2இல் முகம் எடுத்தால், இலைகளெல்லாம் முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழும். சுழல் ஓரங்களில்தான் இருக்கிறது. எனவே சிறிய சென்சார் கேமராவில் அதன் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப்போகும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு.

நிகான் எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே கண்ணாடி உள்ள கேமரா, வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம் 42 என்னும் திருகு முறையில் மாட்டும் இந்த லென்ஸ், சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கேனான் எஸ்.எல்.ஆரில் இந்தத் தூரம் 44 மி.மீ.; மிச்சமுள்ள இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று அடங்கிவிடும். நிகானில் 46.5 மி.மீ. அங்கே வெறும் வளையம் போட்டால் தூரத்துக் காட்சி குவியாது. சோனி இ வகையில் 18, நிகான் இசட் வகையில் 16 மி.மீ. என்பதால், கண்ணாடி இல்லாத இந்த மிரர்லெஸ் கேமராக்களில் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸும் ஏறுகிறது. பழைய லென்ஸ் மோகம் இத்தனை பேரைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 

ஒன்று வாங்குங்கள், மனமாரச் சொல்கிறேன். ஒளி எப்படி வளைகிறது, திறப்பு என்ன செய்கிறது என்பதைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. என் அம்மா முற்றத்து முருங்கையடியில் உட்கார்ந்து கீரை உருவும் படம் ஹீலியோஸில் எடுத்ததுதான். வீட்டுச் சுவரில் அது ஒன்றுதான் தொங்குகிறது. ஆனால் ஒன்றோடு நிறுத்துங்கள். நான் ஐந்து வாங்கினேன். மற்ற நான்கும் ஆளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தன, அவ்வளவுதான்.

அலமாரிக்குள் நடப்பது

உள்ளேயே உறங்கும் லென்ஸுக்குச் சென்னையில் ஒரு விலை இருக்கிறது. பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் அது வளரத் தொடங்கிவிடும். கடலோர ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. என் 85ஐ இரண்டு மழைக்காலம் தோல் உறைக்குள் போட்டு வைத்திருந்தேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தன. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். இழை போய்விட்டது. மேற்பூச்சில் அது அரித்த தடம் போகவில்லை. விளக்கை நோக்கி எடுத்தால் இன்றைக்கும் மங்கலாகப் படர்கிறது.

ஈரப்பதத்தை 40-50 விழுக்காட்டில் வைக்கும் உலர் பெட்டி வாங்கினால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரமானி. நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்திவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இதையெல்லாம் பதினொரு லென்ஸுக்குச் செய்வதும் மூன்றுக்குச் செய்வதும் ஒன்றல்ல. மூன்று லென்ஸ் என்றால் அவை வாரந்தோறும் வெளியே வந்துவிடும். வெளிச்சமும் காற்றும் தானாகவே கிடைத்துவிடும்.

பறவைக்கு நீண்ட லென்ஸ் வேண்டுமே என்பவர்களுக்கு: வாடகைக்கு எடுங்கள். நிகான் 200-500 எஃப் 5.6 இரண்டு கிலோ 300 கிராம். சிக்மா 150-600இன் லேசான பதிப்பே இரண்டு கிலோவை நெருங்குகிறது. வேடந்தாங்கலில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நிறைந்திருக்கும் மாதங்களில் இரண்டு மூன்று முறை போகிறவருக்கு, மற்ற மாதங்களிலும் அதைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றும் வேலை எதற்கு? வாரந்தோறும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் விடியற்காலை நிற்பவர் என்றால் தாராளமாக வாங்கட்டும். அவருக்கு அது முதல் லென்ஸ்.

அக்கா மகனுக்குப் பழைய 24-105 ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறேன். டார்ச் இல்லாமல் கடைக்குப் போகாதே என்றேன். திறப்பைச் சுருக்கி எஃப் 11இல், ஜூமின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே திறப்பை இயக்கும் பட்டைக் கேபிள் தேய்ந்திருந்தால் கேமரா பிழை காட்டி நின்றுவிடும். முழுத் திறப்பில் மட்டும் சோதித்தால் இது தெரியாது. பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை என் 35 அவனிடம் இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பினேன். பூக்கடைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் விளக்கு முகத்தில் விழும் என்பதையும் சொல்லிவிட்டேன்.