கம்பளையில் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு: எனக்கு நடந்தது

2023 ஜூலையில், இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பளையில் ஒரு புரோக்கரிடம் மாருதி 800 ஒன்று வாங்கினேன். விலை ஒன்பதரை லட்சம். அதில் ஆறு லட்சம், அம்மா தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் கொழுந்து பறித்துச் சேர்ந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு. மிச்சம் என் சீட்டுக் காசும் மனைவியின் வளையலை அடகு வைத்த காசும். அம்மாவை மாதா மாதம் கண்டிக்கு கிளினிக் கூட்டிப் போகத்தான் கார். இன்னொரு தோட்டத்துக் குடும்பத்தின் காசும் இதே மாதிரிப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஐந்து வருஷம் ஓட்டிய வண்டியைக்கூட வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள். அந்த நேரத்தில் குறைந்த காசோடு போனவர்களுக்கு மாருதியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இது அந்தப் புரோக்கருக்கும் நன்றாகத் தெரியும்.

நான் விட்ட முதல் பிழை போனிலேயே நடந்தது. “தம்பி, கையில எவ்வளவு வச்சிருக்கீங்க? அதுக்கு ஏத்த மாதிரி காட்டுறேன்” என்று கேட்டார். “ஒன்பதரை இருக்குண்ணே” என்றேன். நேரில் போனபோது பத்தேகால் கேட்டார். ஒரு மணித்தியாலம் பேசி ஒன்பதரைக்குக் கொண்டுவந்தேன். பெரிய விஷயம் செய்த மாதிரி வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்த ஒன்பதரை நான் போனில் வாயைத் திறந்தபோதே முடிவான விலை. ஏழரை என்று சொல்லியிருக்க வேண்டும். பெயர் மாற்ற, இன்சூரன்ஸ் போட, டயர் மாற்ற, கராஜுக்குக் கொடுக்க என்று இரண்டு லட்சத்தைத் தொடாமல் வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் கழுவிப் பளபளவென்று நின்றது. பொனட் சூடாக இருந்தது. “இப்பதான் சர்விஸ் பண்ணி எடுத்துட்டு வந்தேன்” என்றார். ஆறிப்போன எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் சத்தமும் புகையும் உண்மையைச் சொல்லும். அதைப் பார்க்க எனக்கு வாய்ப்பே தரவில்லை. புசல்லாவைப் பக்கம் ஏத்தத்தில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். “கியூஆர் கோட்டா முடிஞ்சிருச்சு தம்பி, பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கு” என்றார். அப்போது வாரத்துக்கு இவ்வளவுதான் என்று கியூஆர் கோட் வைத்துப் பெட்ரோல் அளந்து கொடுத்த காலம், அதனால் நம்பினேன். பேராதனைப் பாதையில் சமதரையில் பத்து நிமிஷம் ஓட்டினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்றதும் முகம் மாறியது. நாவலப்பிட்டியில் இருந்து இன்னொருவர் மூன்று மணிக்கு வருகிறாராம். பயந்து ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன், துண்டு எழுதி வாங்காமல். அந்தக் காசு கை மாறிய பிறகு விலை பேச எனக்கு எந்தப் பலமும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். எங்கள் தோட்டம் இறம்பொடைக்கு மேலே. புசல்லாவை தாண்டி ஏத்தம் பிடித்ததும் இரண்டாம் கியரில்கூட இழுக்கவில்லை. இறம்பொடை வளைவில் பொனட்டுக்குள் இருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சூடு காட்டும் முள் மட்டும் கடைசிவரை நடுவிலேயே நின்றது. அம்மா பின்சீட்டில் இருந்தார். இறங்கி மழையில் ரோட்டோரம் நின்றவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் ஊர் கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஓயில் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் பசை. எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரையும் ஓயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போய், தண்ணீரும் ஓயிலும் கலந்திருக்கிறது. சூடு காட்டும் முள் அசையாதபடி வயரில் வேலை செய்திருந்தார்கள். ரேடியேட்டர் ஃபேனை நேரடியாக இணைத்து எந்நேரமும் சுற்ற வைத்திருந்தார்கள். சமதரையில் பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்க அது போதும். 796 சிசி எஞ்சின், நுவரெலியாப் பக்கத்து ஏத்தத்துக்கு நல்ல நிலையில் இருந்தாலே மூச்சு வாங்கும். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி, பிஸ்டன் ரிங் மாற்றி, ஒரு லட்சத்து 85 ஆயிரம் செலவு. அதற்கும் கடன்தான்.

அடுத்தது புக், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகம். வண்டி குருநாகலில் ஒருவர் பெயரில் இருந்தது. “ஓனர் கட்டார்ல, எல்லாம் சைன் பண்ணித்தான் தந்திருக்கார்” என்று சொல்லி, வாங்குகிறவர் பெயரை எழுதாமல் ஓனர் கையெழுத்து மட்டும் போட்ட ஓபன் பேப்பரைப் புரோக்கர் கொடுத்திருந்தார். பெயர் மாற்றக் கொடுத்தபோது கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். புக்கில் இருந்த விலாசத்தைத் தேடி நானே குருநாகலுக்குப் போனேன். அந்த மனிதர் கட்டாருக்குப் போனதே இல்லை. 2019இல் வண்டியை விற்றுவிட்டாராம். தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்து, அடையாள அட்டைப் பிரதியோடு புதிதாகக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். ஒரு சதம் வாங்கவில்லை. அவர் விற்கும்போது மீட்டரில் ஒரு லட்சத்து 60 ஆயிரம் கிலோமீற்றர் இருந்ததாம். நான் வாங்கும்போது 92 ஆயிரம்.

புரோக்கர் இப்போது என் போனை எடுப்பதில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். காசு கொடுத்ததற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். என்னிடம் ஒன்றுமில்லை.

கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் கார் பார்க்கிறவர்கள் காலையிலேயே, சொல்லாமல் போங்கள். முதலில் பொனட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை நில்லுங்கள். உங்கள் ஊர் பாஸைக் கூட்டிப் போய் ஏத்தத்தில் ஓட்டச் சொல்லுங்கள். அவருக்கு இரண்டு மூவாயிரம் கொடுக்க யோசிக்காதீர்கள். ஓனர் வெளிநாட்டில் என்று யாராவது சொன்னால், புக்கில் உள்ள விலாசத்துக்குப் போய் ஆளைப் பார்க்கும்வரை ஒரு ரூபாகூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.