கோரி முட்டையிட மணல் தொட்டியா, வெறும் கண்ணாடித் தொட்டியா?

போன ஐப்பசியில் சேலம் கன்னங்குறிச்சி வீட்டு வராந்தாவில் இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைத்தேன். இரண்டுமே 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மேலே கொஞ்சம் விட்டு நிரப்பினால் 50 லிட்டர் பிடிக்கும். ஒன்றில் ஓர் அங்குலத்துக்கு மணல், இன்னொன்றில் அடியில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றிலும் ஆறு வெண்கலக் கோரி (தொட்டியின் அடியில் மேயும், மீசையுள்ள சிறு மீன்): இரண்டு பெண், நான்கு ஆண். (மேலிருந்து பார்த்தால் பெண் மீன் வயிறு அகன்று தெரியும்.) முட்டைக்கு இனி வெறும் தொட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், மூடி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மணலின் அருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். கோரி மணலை வாயில் அள்ளி, இரையை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே வெளியே விடும். அதை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மணல் இல்லாத தொட்டி பிடிக்காது. பார்த்து மகிழ மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் மணலே போடுங்கள். ஆனால் எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கல்லின் கூர்முனை மீசையைத் தேய்த்துவிடும். ஆற்று மணலைச் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். வெள்ளைக்கல் வெட்டும் ஊர் நம்முடையது, அதனால் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பார்ப்பது நல்லது. நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. ஏற்கெனவே கடினமான போர் தண்ணீர் இன்னும் கடினமாகும்.

என் முடிவைத் தீர்மானித்தது சுத்தம் செய்யும் வேலை. கோரியை முட்டைக்குத் தயார் செய்ய இரண்டு வாரம் தாராளமாகத் தீனி போட வேண்டும்: ப்ளட்வேர்ம் (சிவப்பு நிறப் புழுத்தீனி), நறுக்கிய மண்புழு. இதில் மிச்சம் விழாமல் இருக்காது. மணல் தொட்டியில் அந்த மிச்சம் மணலுக்கு அடியில் போய்விடும். சேலத்து வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும் நாட்களில் காலையில் போட்ட தீனி இரவுக்குள் கெட ஆரம்பித்துவிடும். மேலே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், கீழே அழுகிக்கொண்டிருக்கும். மூன்றாவது வாரம் என் மணல் தொட்டியில் இரண்டு மீன்களுக்கு மீசை பாதியாகக் குறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மணலைக் கிளறினேன். வாடை முகத்தில் அடித்தது. அந்த மீன்களை அந்த நிலைக்கு விட்டது இன்னும் மனதை உறுத்துகிறது.

வெறும் தொட்டியில் மிச்சம் எங்கே கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். மாலையில் மெல்லிய டியூபை வைத்து உறிஞ்சினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டே நாளில் அடிக்கண்ணாடியில் வழவழவென்று ஒரு படலம் படியும். அதைத் துடைக்காமல் விட்டால் இங்கேயும் மீசைக்கு ஆபத்துதான். தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதவர், அடிக்கடி நான்கு நாள் வெளியூர் போகிறவர், மணல் போட்டுக் குறைவாகத் தீனி கொடுப்பதே மேல். முட்டையை மட்டும் அவ்வளவாக எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, வெறும் தொட்டியை வெள்ளைத் தெர்மாகோல் மேல் அப்படியே வைக்காதீர்கள். மீன் மிரண்டு மூலையில் ஒடுங்கிவிடும். நடுவில் ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் வைத்த மறுநாளே என் மீன்கள் சாதாரணமாகத் திரிந்தன.

முட்டையிட வைப்பது மழைக்காலத்தை நடித்துக் காட்டுவதுதான். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைவிட 3, 4 டிகிரி குளிர்ச்சியான தண்ணீரை மெதுவாக விட வேண்டும். குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்த குழாய்த் தண்ணீரை இரவு மண்பானையில் ஊற்றி வைத்தேன், விடிகாலையில் அந்தக் குளிர்ச்சி கிடைத்தது. இரண்டாம் முறை மாற்றிய மறுநாள் வெறும் தொட்டியின் கண்ணாடியில் 70க்கும் மேல் முட்டைகள் ஒட்டியிருந்தன. மணல் தொட்டியிலும் இட்டன, ஆனால் கீழே உதிர்ந்தவற்றைத் தேடி எடுக்க முடியவில்லை. பெற்ற மீன்களே முட்டையைத் தின்னும். அதனால் முட்டை கொஞ்சம் இறுகியதும் விரலால் உருட்டி எடுத்து, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்து ஒரு சொட்டு விட்ட டப்பாவில் காற்றோட்டத்துடன் வைத்தேன். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்ததை அன்றன்றே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து முட்டைக்கும் பரவும். நான்காம் நாள் பொரிந்தன. குஞ்சின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பை தீர்ந்த பிறகு, அப்போதே பொரித்த ஆர்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால் வகை) தீனி.

குஞ்சுகள் விஷயத்தில் மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். வளரும் தொட்டியில் மணலை மெல்லிசாகத் தூவினால் குஞ்சு நன்றாகத் தேறும் என்கிறவர்கள் உண்டு. நான் ஒரே ஒரு தொகுதிக்குத்தான் அப்படிச் செய்தேன். நன்றாகத்தான் வந்தன, ஆனால் அந்த ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெண்கலக் கோரியையும் அதன் அல்பினோவையும் (நிறமியற்ற வெள்ளை வகை) தவிர வேறெதையும் நான் இனப்பெருக்கம் செய்ததில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அந்தக் குளிரில் தீனி மெதுவாகத்தான் கெடும், அதனால் மணலுக்கு எதிரான என் வாதம் அங்கே பாதி பலம்தான். பானையும் தேவைப்படாது. குளிர்ந்த தண்ணீரை விரும்பும் பெப்பர் கோரிக்கு அந்த மலை நல்ல இடம் என்று நினைக்கிறேன். மேலே தொட்டி வைத்துப் பார்த்தவன் இல்லை நான். மார்கழி இரவுக்கு, முக்கியமாகக் குஞ்சுத் தொட்டிக்கு, ஒரு ஹீட்டர் கையில் இருக்கட்டும்.

என் மணல் தொட்டியைக் கலைக்கவில்லை. குஞ்சு அரை அங்குலம் தாண்டியதும் அதில்தான் விடுகிறேன். முதல் நாளே மணலில் மூக்கை நுழைத்துவிடுகின்றன.