கமாரோ இஞ்சினோடு என் பழைய செவர்லே பிக்கப்: நாலரை வருடம், 38,000 மைல்

ஹூஸ்டனில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1972 மாடல் செவர்லே சி-10 பிக்கப். அதற்குள் இருப்பது செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான 2002 கமாரோ இசட்-28 ஒன்றிலிருந்து கழற்றிய எல்.எஸ்.1 என்ற வி-8 இஞ்சினும், அதனோடேயே வந்த டி-56 ஆறு கியர் பெட்டியும். 2021 மார்ச்சில் இந்தக் கூட்டணி முதல் தடவையாகச் சாலையைப் பார்த்தது. முதல் வாரத்திலேயே இதை எழுத உட்கார்ந்தேன், நல்லவேளை, முடிக்கவில்லை. அன்று எழுதியிருந்தால் முக்கால்வாசி குதிரைத்திறன் புராணமாக இருந்திருக்கும். நாலரை வருடம் ஓட்டிய பிறகு குதிரைத்திறனைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

வாங்கும்போது வண்டியில் இருந்தது 307 கன அங்குல வி-8, அதாவது எட்டு சிலிண்டர். ஐந்து லிட்டர் இஞ்சின், 135 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சின்னக் கார்கூட அதைவிட அதிகம் தரும். மூன்றே கியர், நம் பழைய அம்பாசடர் மாதிரி ஸ்டீயரிங் ஓரத்திலேயே லீவர். ஊருக்குள் ஓட்ட ஒரு குறையும் கிடையாது. ஹைவேயில் ஏறினால்தான் வேதனை. பின் அச்சு விகிதம் 3.73, அதாவது ஷாஃப்ட் 3.73 தடவை சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு சுற்று; டாப் கியரில் இஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகம். மணிக்கு 70 மைலில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,100 சுற்றைத் தாண்டிக் கதறும். சான் அன்டோனியோ இங்கிருந்து 200 மைல். போய் இறங்கினால் ராத்திரி படுத்த பிறகும் காதில் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். காலனுக்கு 11 மைல் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். நம் கணக்கில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் இஞ்சின் என்று முடிவானதும் முதலில் செவர்லேயின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் மேல்தான் ஆசை. எல்.எஸ்.1 பிறந்ததே 1997 கார்வெட்டில்தான். ஆனால் அந்தக் காரில் கியர்பாக்ஸ் இஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்காது; எடையைச் சமன்படுத்த அதைப் பின் சக்கரங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே முழு அச்சு இணைக்கும் பிக்கப்பில் அதை அப்படியே இறக்க முடியாது. கமாரோவில் அந்தச் சிக்கல் இல்லை: இஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் பழைய முறைப்படி வரிசையாக இருக்கும். இன்னொரு வசதி, கமாரோவில் ஆக்சிலேட்டர் கேபிள். கார்வெட்டில் மின் த்ராட்டில். பழைய வண்டிக்குக் கேபிள் வேலை சுலபம்.

இப்படிச் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். டாட்ஜ் கம்பெனியே வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரின் 8.3 லிட்டர் வி-10 இஞ்சினை ராம் பிக்கப்பில் பொருத்தி 2004 முதல் 2006 வரை ஷோரூமில் விற்றது. 500 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் கம்பெனியின் யூட் என்ற பிக்கப் இதே எல்.எஸ்.1 இஞ்சினோடுதான் வந்தது. எனவே இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததல்ல.

பின்னால் இடிபட்ட ஒரு கமாரோவின் இஞ்சின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங், கிளட்ச் பெடல் எல்லாம் சேர்த்து 5,200 டாலர். மொத்தமாக ஒரே வண்டியிலிருந்து வாங்கியது நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் முதலாவது. இரண்டாவது, எதிர் வீட்டுப் பெரியவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. முப்பது வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். கார்ப்பரேட்டர் இல்லாத இஞ்சின் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பது அதைவிடப் பிடிக்காது.

பொருத்திய கதையை விலாவாரியாகச் சொல்லப் போவதில்லை. இஞ்சின் மவுண்டுக்கு மாற்றுத் தகடு கடையில் கிடைக்கிறது. கமாரோவின் ஆயில் சம்ப் ஆழம் குறைவு என்பதால் குறுக்குச் சட்டத்தில் இடிக்கவில்லை. ஏசி கம்ப்ரசர் சேசிஸில் இடித்தது. அதை மேலே தூக்கிப் பொருத்த தனி பிராக்கெட் வாங்கினேன். அந்தக் கால சி-10-களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். "என்னங்க, இந்த வண்டியில ஏறி இறங்கினா புடவையே பங்க் மாதிரி மணக்குது" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள். இந்த இஞ்சினுக்கு 58 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் போக வேண்டும், டேங்குக்குள்ளேயே பம்ப் வேண்டும். அதைச் சாக்காக வைத்து டேங்கைப் பின் பக்கம், சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியில் மாற்றிவிட்டோம். வீட்டில் இந்தப் பிராஜெக்டுக்குக் கிடைத்த ஒரே மனமார்ந்த பாராட்டு அதற்குத்தான்.

முதல் ஸ்டார்ட்டை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பிடித்தது, இரண்டு விநாடி ஓடியது, நின்றது. மறுபடி. மறுபடி. பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இருக்கிறது, ஆனால் இரண்டு விநாடிக்கு மேல் உயிர் இல்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, கார்ப்பரேட்டர் இப்படி அடம்பிடிக்காது என்றார். கடைசியில் பார்த்தால் திருட்டுத் தடுப்பு! இஞ்சின் கம்ப்யூட்டர் தன் கமாரோவின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தச் சமிக்ஞை வராததால், திருடன் கையில் மாட்டிவிட்டோம் என்று நினைத்து பெட்ரோலை நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டரில் அந்தப் பகுதியை அணைத்த பிறகு சமர்த்தாக ஓடியது.

சரி, ஓட்டும் அனுபவம். 310 குதிரைத்திறன், பழையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பிக்கப்புக்கு ஒருவழியாகப் பிக்கப் வந்தது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார், ஆறு மாதம் அது இனிக்கும், அப்புறம் பழகிவிடும்.

பழகாதது ஆறாவது கியர். அதன் விகிதம் 0.50, அதாவது இஞ்சின் அரைச் சுற்று சுற்றினாலே ஷாஃப்ட் ஒரு சுற்று. அதே 70 மைல் வேகத்தில் இஞ்சின் இப்போது 1,570 சுற்றில் ஓடுகிறது, முன்பு ஓடியதில் சரிபாதி. முதல் தடவை சான் அன்டோனியோ போனபோது பாதி வழியில் மகள், "அப்பா, இந்த வண்டியில ரேடியோ இருக்கா?" என்று கேட்டாள். நாலு வருடமாக ரேடியோ இருக்கிறது. அன்றுவரை அது யார் காதிலும் விழுந்ததில்லை. ஹைவேயில் காலனுக்கு 19 மைல் வருகிறது, ஊருக்குள் 14. ஆனால் 60 மைலுக்குக் கீழே ஆறாவது கியரைப் போட்டால் வண்டி திணறும். ஊருக்குள் நாலு கியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தக் கியர்பாக்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. மெதுவாக ஓட்டினால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக விடாமல் நேராக நாலாவதுக்குத் தள்ளும் ஒரு சோலினாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் தாழ்ப்பாள். எரிபொருள் சிக்கனச் சோதனைக்காகக் கம்பெனி வைத்தது. அதன் வயரை இணைக்காமல் விட்டால் போதும், தொல்லை தீர்ந்தது. பக்கத்திலேயே ரிவர்ஸ் பூட்டுக்கு இன்னொரு சோலினாய்டு இருக்கிறது, அதை இணைக்காமல் விடக் கூடாது. நான் இரண்டையும் விட்டுவிட்டேன். ரிவர்ஸ் போட இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. ஒரு கல்யாண மண்டப பார்க்கிங்கில் எனக்குப் பின்னால் ஐந்து கார் காத்திருக்க, வியர்த்துப்போய்த் தள்ளியதற்கு மறுநாளே அந்த வயரை இணைத்தேன்.

இனி கோளாறுகள். இஞ்சினுக்குள் இந்த 38,000 மைலில் ஸ்பேனர் நுழையவில்லை. ஆயில், பிளக், ஒரு வாட்டர் பம்ப், அவ்வளவுதான். குளிர்கால விடியலில் பிஸ்டன் கடகடவென்று தட்டும், சூடானதும் அடங்கும். அந்தக் கால எல்.எஸ்.1-களுக்கு அது பிறவிக் குணம். சி-10 பக்கமும் அப்படித்தான்: அச்சு, ஸ்பிரிங், சேசிஸ் எதுவும் முனகவில்லை. என்னைத் தெருவில் நிறுத்தியதெல்லாம் இரண்டுக்கும் நடுவில் நானே செய்த இணைப்புகள்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள், சண்டையெல்லாம் சம்பந்திகளுக்குள்.

2022 ஆகஸ்ட், வெஸ்ட்ஹைமர் ரோடு, மத்தியான வெயில். சிக்னலில் கிளட்சை மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளி இஞ்சினை அணைத்தேன். பச்சை விழுந்ததும் முதல் கியரைப் போட்டு அப்படியே ஸ்டார்ட்டரைச் சுழற்ற, வண்டி குதித்துக் கிளம்பியது. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சுவிட்சை நான் இணைக்காமல் விட்டிருந்தேன். அந்தச் சோம்பேறித்தனம் அன்று காப்பாற்றியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சந்து சந்தாகப் புகுந்து வீடு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் பெடல் பழையபடி நிமிர்ந்து நிற்கிறது! கிளட்சின் ஹைட்ராலிக் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து இரண்டு அங்குலத்தில் கொண்டுபோயிருந்தேன்; சிக்னலில் நின்ற சூட்டில் உள்ளே இருந்த திரவம் கொதித்து ஆவியாகிவிட்டது. குழாயை வேறு பக்கம் திருப்பி, வெப்பக் கவசம் போட்டு, அதிகச் சூடு தாங்கும் டாட்-4 திரவம் மாற்றிய பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது எர்த். மழை நாட்களில் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றும், மீட்டர் முள்ளெல்லாம் நடனமாடும். பேட்டரி மாற்றினேன், ஸ்டார்ட்டர் மாற்றினேன், நானூறு டாலர் போனது. ஒருநாள் பெரியவர் பானெட்டுக்குள் கைவிட்டவர் சடாரென்று இழுத்துக்கொண்டார். ஆக்சிலேட்டர் கேபிள், அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் தட்டு மாதிரி சுட்டது. இஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் சேசிஸோடு அதற்கு உலோகத் தொடர்பு கிடையாது. எர்த் பட்டையை நான் இறுக்கியிருந்தது புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தில். போக வழியில்லாத மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. பெயின்டைச் சுரண்டி, இஞ்சினின் இரண்டு சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்திலிருந்தும் தடித்த பட்டை போட்டோம். செலவு பதினாறு டாலர்.

மணிக்கு 62 மைல் வேகத்தில் தொடங்கி 66-இல் அடங்கும் ஒரு அதிர்வு, கியர்பாக்ஸ் வாலும் பின் அச்சின் மூக்கும் ஒரே கோணத்தில் எதிரெதிராக இல்லாததால் வந்தது. கியர்பாக்ஸ் மவுண்டுக்கு அடியில் தகடு வைத்ததும் போய்விட்டது. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது ஹைவே வளைவில் இறங்கினால் இஞ்சின் விக்கும், ஏனென்றால் டேங்குக்குள் தடுப்பு இல்லை, பெட்ரோல் ஓரம் போய்விடுகிறது. இதை இன்னும் சரிசெய்யவில்லை. கால் டேங்குக்கு மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

மழையில் ஜாக்கிரதை. அலுமினிய இஞ்சின் பழையதைவிட எடை குறைவு, அதனால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் நன்றாகவே திரும்புகிறது. ஆனால் பின் தொட்டி காலியாக இருக்கும்போது இரண்டாவது கியரிலேயே பின் சக்கரம் வழுக்கும். மழைக்காலத்தில் நாலு மணல் மூட்டை போட்டு வைக்கிறேன். 1971-லிருந்து இந்த வண்டிகளுக்கு முன் டிஸ்க் பிரேக் உண்டு; 1970 அல்லது அதற்கு முந்தைய வண்டி என்றால், இஞ்சினுக்கு முன் பிரேக்கை மாற்றுங்கள். டெக்ஸஸில் இந்த வயது வண்டிக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று இஞ்சின் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவு 14,800 டாலர், எங்கள் இருவர் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல். இஞ்சின் ஒரு பங்கு என்றால் அதை உட்கார வைக்க ஏறக்குறைய இரண்டு பங்கு. இதே பணத்தில், இதே குடும்பத்தின் 5.3 லிட்டர் லாரி இஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியரையும் பாதி விலைக்கு வாங்கி, மிச்சத்தில் பிரேக்கும் ஏசியும் உயர்தரமாகப் போட்டிருக்கலாம். யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்கிறேன். இந்த வண்டியை என் மனைவி ஓட்டுவதில்லை. கிளட்ச் கனம், கியர் லீவர் சீட்டின் நடுவில் உட்காருபவர் முழங்காலில் இடிக்கிறது. மூன்று பேர் உட்காரும் நீள சீட்டில் இப்போது இரண்டு பேர்தான். அதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை.

போன மாதம் கராஜ் தரையில், கிளட்ச் உறைக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தேன்: ஆயில் இல்லை, கிளட்ச் திரவம். இந்தக் கியர்பாக்ஸில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் உறைக்குள்ளேயே இருக்கிறது, அதற்காக முழுப் பெட்டியையும் இறக்க வேண்டும். தீபாவளி முடிந்து வருகிற வாரக் கடைசிக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். பெரியவர் இப்போதே தன் ஜாக்கைக் கொண்டுவந்து எங்கள் கராஜில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.